சூடாக இருக்கும்போது மட்டும்

செங்காங்,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

உன் அஞ்சலட்டை தைப்பூசத்துக்கு முந்தின நாள் வந்தது. நம் கடிதப் பெட்டியை இப்போது நான்தான் திறக்கிறேன், அதனால் வேறு யாரும் பார்க்கவில்லை. "போன்ல பேசினா சண்டைதான் வரும், லெட்டர் எழுது" என்று எழுதியிருக்கிறாய். புது எண்ணைக்கூடத் தரவில்லை. சரி, எழுதுகிறேன். நாடு விட்டு நாடு போய் அந்தச் செம்மண் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே அம்மாவுக்கு வழக்கமான முட்டிவலி. எனக்கு உயர்நிலை மூன்றின் பாடச்சுமை. அப்பாவைப் பற்றிச் சொல்வதென்றால் நம் கேட்டரிங் வேனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். நானும் உதவிக்குப் போயிருந்தேன். நீ போன பிறகு அப்பா ஓர் ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார். இருதயராஜ் அண்ணன், புதுக்கோட்டைக்காரர். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வந்து அப்பா சாவியைத் திருகினார். "டக்" என்றது. மறுபடியும் "டக்". அவ்வளவுதான்.

"பேட்டரி போச்சாண்ணே?" என்றார் இருதயராஜ் அண்ணன்.

"பேட்டரி புதுசுப்பா."

"அப்ப எறங்கித் தள்ளவா?"

"ஆட்டோ கியர் வண்டிப்பா இது. நீ தள்ளினா உன் முதுகுதான் ஸ்டார்ட் ஆகும்."

மூவரும் காப்பிக்கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் வேன் கிளம்பிவிட்டது. இப்போது தினமும் இப்படித்தான். காலையில் கிளம்புகிறது. ஓடிச் சூடானபின் நிறுத்தினால் திரும்பக் கிளம்புவதில்லை. காக்கி புக்கிட்டில் நீ வேலை பார்த்த பட்டறையின் இப்ராஹீம் அங்கிள், முன் இருக்கையைத் தூக்கி அடியில் இருக்கும் இன்ஜினை எட்டிப் பார்த்தார். "ரஞ்சன் போட்ட ஹெடர் லா. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பக்கத்துலயே போவுது. மோட்டார் வேகுது," என்றார். அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை. "அந்தக் குழாயா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து சாப்பாடு இறக்கும்போதுகூட இன்ஜினை நிறுத்துவதில்லை. இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைத்தால் அபராதம் போடுவார்களோ என்று ஒருவர் வண்டியிலேயே காவல் இருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று எழுது. நான் கேட்பது அப்பாவுக்குத் தெரியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாம் சாப்பாடு கொண்டுபோன அந்தக் கல்யாணத்தன்று கோவில் வாசலில், வேனின் புதுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்பா சாவியைத் தரையில் எறிந்தாரே. "சோறு கொண்டு போற வண்டிடா இது, ரேஸ் வண்டி இல்ல. இனிமே இதுல கை வைக்காத" என்று எல்லார் முன்னாலும் கத்தினாரே. நீ ஏன் ஒரு வார்த்தைகூடத் திருப்பிப் பேசவில்லை?

உன் பதிலுக்காகக் கடிதப் பெட்டியைத் தினமும் திறக்கும்,
ரக்ஷனா


கல்கூர்லி,
3 மார்ச்

ரக்ஷிக்கு,

உன் தமிழைப் படிச்சா எனக்குப் பரீட்சை ஹால் ஞாபகம் வருது. நான் பேசுற மாதிரியேதான் எழுதுவேன், சிவப்பு மையில திருத்தி அனுப்பாத. ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. சுரங்க லாரிங்களை ரிப்பேர் பண்ற இடம். ஒரு டயரே என் உயரத்துக்கு மேல. அம்மா முட்டிக்குத் தைலம் தேச்சு விடு.

ஸ்டார்ட்டர் விஷயம். இன்ஜின்ல இருந்து வர்ற கொதிக்கிற புகையை வாங்கி வெளியே அனுப்புற குழாய்ங்கதான் ஹெடர். அந்தச் சூடு பக்கத்துல இருக்க மோட்டார்ல ஏறுது. மோட்டாருக்குள்ள செப்புக் கம்பிச் சுருள் இருக்கு. அது சூடானா கரண்ட் சரியாப் போகாது. சுத்த வேண்டியது "டக்"னு சொல்லிட்டு நின்னுடும். ஆறினா சரியாயிடும். நான் போடும்போதே இதுக்குத் தடுப்பு வெச்சிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்.

இப்ப என்ன செய்யணும்னா, ஹெடர் குழாய் மேல சூடு தாங்குற நாடா இருக்கு, அதை ஈரமாக்கி இறுக்கிச் சுத்தணும். மொத நாள் புகையும், பயப்பட வேணாம். அப்புறம் ஹெடருக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு தகடு. தகடு மோட்டாரையும் தொடக்கூடாது, ஹெடரையும் தொடக்கூடாது. ரெண்டு பக்கமும் ஒரு விரல் அளவு காத்து போகணும். ஒட்டி வெச்சா தகடே சூடாகி, வாங்கின சூட்டையெல்லாம் மோட்டாருக்கே குடுத்துடும். மோட்டாரைச் சுத்தி எதையும் கட்டவே கூடாது. இன்னொண்ணு, மோட்டார்ல வந்து சேர்ற தடிச்ச ஒயர் நேரா பேட்டரியில இருந்து வருது. சாவி எடுத்தாலும் அதுல கரண்ட் இருக்கும். வேலை பாக்குறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டணும்.

அங்கிள் பழைய இரும்புக் குழாயையே திரும்பப் போட்டுடலாம்னு சொல்வார். அது நம்ம வீட்டு பாம் ஷெல்டர் ரூம்ல, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு. அதைப் போட வேணாம். ஹெடருக்கு கவர்மென்ட் அப்ரூவல் எல்லாம் இருக்கு, அதுவே இருக்கட்டும்.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத.

அண்ணன்,
ரஞ்சன்

கோவில் வாசல் கதையை விடு.


செங்காங்,
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தில் சுகம் என்று இருந்த ஒற்றை வரியை மனதில் வைத்துக்கொண்டே அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். "என்னடி திடீர்னு பாசம்?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

உன் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை அப்பாவிடம் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்தப் பருவத்தில் இயற்பியலில் வெப்பம்தான் பாடம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, சத்தமாகப் படிப்பதுபோல் படித்தேன். சூடு தொடாமலே தாவும், அதற்குக் கதிர்வீச்சு என்று பெயர், பளபளப்பான பரப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும் என்றேன். அப்பா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பளபளன்னு இருந்தா சூடு திரும்பிடுமா?"

"ஆமாம்பா. நம்ம ஸ்டார்ட்டருக்குக்கூட அப்படி ஒரு தடுப்பு வைக்கலாம்."

"பளபளப்புக்கு நம்மகிட்ட என்னம்மா பஞ்சம்?"

இடைவெளியைப் பற்றிச் சொல்வதற்குள் ஏதோ ஆர்டருக்குப் போன் வந்து அப்பா எழுந்து போய்விட்டார். மறுநாள் தேக்காவில் நம் சமையற்கூடத்துக்குப் போனால், பிரியாணி வைக்கும் பெரிய அலுமினியத் தட்டுகளை வெட்டி, மோட்டாரைச் சுற்றி நான்கு மடிப்பாகக் கட்டியிருந்தார். இருதயராஜ் அண்ணன், "மோட்டாருக்கே பார்சல் கட்டிட்டோம் பாப்பா," என்றார். கட்டக் கூடாது என்று நீ எழுதியது நினைவில் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதற்குப் பிறகு வேன் சூடாக இருந்தும் கிளம்பியிருக்கிறது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

பழைய குழாயைப் போட வேண்டாம் என்று ஏன் எழுதினாய்? காரணம் தெரிந்தால்தானே நான் ஏதாவது சொல்லித் தடுக்க முடியும்?

வேலையில் கவனமாக இரு.

ரக்ஷனா


செங்காங்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். நாங்கள் அனைவரும் நலமே. நீயும் நலமாக இருப்பாய்.

அலுமினியத் தட்டுகளை எடுத்துவிட்டோம். அப்பாவின் வலது கையில் ஒரு சின்னக் காயம், சமையற்கூடத்தில் எண்ணெய் தெறித்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

வேனுக்கு அப்பா வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். இப்போது எத்தனை முறை நிறுத்தினாலும் உடனே கிளம்புகிறது. அதை விவரமாகப் பிறகு எழுதுகிறேன். நாளை எனக்குத் தேர்வு.

ரக்ஷனா


கல்கூர்லி,
28 ஏப்ரல்

ரக்ஷிக்கு,

ரெண்டு லெட்டரும் ஒண்ணாக் கெடச்சுது. மொதலாவதைப் படிச்சு நெஞ்சே நின்னு போச்சு. ரெண்டாவதைப் படிச்ச பிறகுதான் மூச்சு வந்தது. தட்டை எடுத்துட்டது நல்லது. ஆடி ஆடி அது அந்தத் தடிச்ச ஒயரைத் தொட்டிருந்தா தீப் பொறிதான், வண்டியே எரிஞ்சிருக்கும்.

ஆனா எண்ணெய் தெறிக்கிறதுக்கு அப்பா எப்ப அடுப்புப் பக்கம் போனார்? சமையலுக்குத்தான் ஆள் இருக்கே. உண்மையைச் சொல்லு.

"வேறு வழி"ன்னா என்ன வழி? அதை மொதல்ல எழுது. பழைய குழாயைப் பத்தி நீ கேட்டதுக்கு இப்ப பதில் சொல்ல முடியல. அது எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருக்கட்டும். வேணாம்னா வேணாம்.

அடுத்த வாரத்துல இருந்து தூரத்து சைட்ல வேலை. அங்க தபால் வராது. இங்க திரும்பி வந்துதான் உன் லெட்டரைப் பாப்பேன். அம்மாவைப் பாத்துக்கோ.

ரஞ்சன்


செங்காங்,
11 மே 2025

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு எப்படி என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். இன்று எனக்கு உன்மேல் கோபம். அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

அப்பாவின் கை எண்ணெயில் வேகவில்லை. சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்கில் நின்றபோது இருக்கைக்கு அடியில் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம் கேட்டதாம். அப்பா இருக்கையைத் தூக்கி, நெருப்பாகச் சுட்ட தட்டைக் கையாலேயே பிய்த்து எடுத்திருக்கிறார். இருதயராஜ் அண்ணன் குடிக்கும் தண்ணீரை ஊற்றி அணைத்திருக்கிறார். நான் பாதிச் செய்தியைச் சொன்னதால் வந்தது அது. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் எண்ணெய் என்று எழுதினேன்.

அப்போது நோன்புப் பெருநாள். இப்ராஹீம் அங்கிளின் பட்டறை ஒரு வாரம் பூட்டியிருந்தது. "போதும் இந்தக் குழாயோட பட்ட பாடு," என்று அப்பா பாம் ஷெல்டரைத் திறந்து பழைய இரும்புக் குழாயை எடுத்தார். தேசிய சேவையில் ராணுவ வாகனப் பிரிவில் இருந்தவர் அல்லவா, கட்டுப்போட்ட கையோடு தானே இருதயராஜ் அண்ணனை வைத்துக்கொண்டு மாற்றிவிட்டார். நீ வேண்டாம் என்று எழுதியது என் நாக்கு நுனிவரை வந்தது. "யார் சொன்னா?" என்று கேட்பாரே. உன் பெயரைச் சொல்லாதே என்று நீதானே எழுதினாய்? காரணத்தையும் எழுதவில்லை. காரணம் இல்லாத ஒன்றை நான் என்னவென்று சொல்வேன்?

ஒன்று சொல்ல வேண்டும். உன் ஹெடரை அப்பா தூக்கி எறியவில்லை. கரியைத் துடைத்து, தமிழ் நாளிதழில் சுற்றி, செருப்பு அலமாரிக்குப் பின்னால் பழைய குழாய் இருந்த அதே இடத்தில் வைத்தார்.

இப்போது வேன் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஸ்டார்ட்டர் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. நீ சொன்னது தவறு என்றே நினைக்கத் தொடங்கிவிட்டேன். அப்பாவுக்குத்தான் மதிய நேரத்தில் தலைவலி வருகிறது. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். இருதயராஜ் அண்ணன் போன வாரம் வண்டியிலிருந்து இறங்கி வாந்தி எடுத்தார். "வெயில்டி. ரெண்டு பேருமே காலையில ஒழுங்காச் சாப்பிடுறதில்ல," என்று அம்மா திட்டுகிறார்.

நீ நலமா? தூரத்து வேலை முடிந்து வந்ததும் எழுது.

ரக்ஷனா


கல்கூர்லி,
2 ஜூன்

ரக்ஷி,

உன் லெட்டரை இன்னைக்குத்தான் பாத்தேன். சுகம் விசாரிக்க நேரமில்ல. எக்ஸ்பிரஸ்ல அனுப்புறேன். இதைப் படிச்ச அடுத்த நிமிஷம் அப்பாகிட்ட என் பேரைச் சொல்லியே சொல்லு. வண்டியை எடுக்கக் கூடாது.

அந்தப் பழைய குழாய்ல அடிப்பக்கம் ஒரு விரிசல் இருக்கு. ஆறி இருக்கும்போது முடி மாதிரிதான் தெரியும், யார் பாத்தாலும் கண்ணுல படாது. சூடாக இருக்கும்போது மட்டும் வாயைத் திறக்கும். இன்ஜின் சீட்டுக்கு அடியிலதானே இருக்கு, புகை நேரா உள்ள வருது. ஏர்கான் போட்டுக் கண்ணாடியை ஏத்திட்டா வெளியே போக வழியே இல்ல. அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு வாசனையே கிடையாது. போன வருஷம் அப்பா இதே மாதிரி தலைவலின்னு படுத்தார், ஞாபகம் இருக்கா? நான் ஒரு நாள் வண்டியைச் சூடா வெச்சுக் அடியில முகம் பாக்குற கண்ணாடி விட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சேன். புதுக் குழாய்க்கு ஆர்டர் குடுத்தா வாரக் கணக்காகும்னாங்க. அன்னைக்கே கையில கெடச்சது ஹெடர்தான். ரேஸுக்காகப் போடல ரக்ஷி. அப்பா அந்தப் புகை மேலதான் உக்காந்து ஓட்டிக்கிட்டு இருந்தார்.

இன்னைக்கு அப்பாவுக்கு எத்தனை தடவை அடிச்சேன்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் கட் பண்றார். கேட்டரிங் நம்பரும் அதே போன்தான். அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், பதில் இல்ல. உனக்கும் அடிச்சேன். அங்கிள் ஹஜ்ஜுக்குப் போயிட்டாராம், பட்டறையில யாரும் எடுக்கல. பழைய சிம்மோட மத்தவங்க நம்பரெல்லாம் போச்சு. நாளைக்கும் அடிச்சுக்கிட்டே இருப்பேன்.

எடுங்க. யாராவது எடுங்க.

ரஞ்சன்


செங்காங்,
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் உயிரோடு, நலமாக வீட்டில் இருக்கிறோம். முதலில் இதைப் படித்துவிட்டு உட்கார். பிறகு மற்றதைப் படி.

உன் கடிதம் நேற்று வந்தது. நடந்தது சனிக்கிழமை.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் வேனில் இருந்தேன். பாசிர் ரிஸில் ஒரு வீட்டுக்கு மதியச் சாப்பாடு. விரைவுச்சாலையில் நல்ல மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏர்கான் போட்டிருந்தோம். நான் பின்னால் சாப்பாட்டுப் பெட்டிகளோடு உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்தது. தலை கனத்தது. முன்னால் இருதயராஜ் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பாசிர் ரிஸ் வந்து சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை வந்தது. அப்பா நகரவில்லை. பின்னால் இருந்த டாக்சி ஹாரன் அடித்தது. அப்பா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"அப்பா, பச்சை!"

"ம்ம்... என்ன கலர்னு சொன்னே?"

அந்தக் குரல் அப்பாவுடையதே இல்லை. இருதயராஜ் அண்ணனைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை தொங்கியது. அப்போது, எப்படி என்று தெரியவில்லை, "அதைப் போட வேணாம்" என்ற உன் கையெழுத்து கண்முன் வந்தது. காரணம் எழுதாத அந்த வரி. பின்கதவைத் தள்ளித் திறந்தேன். இருக்கைகளுக்கு நடுவில் புகுந்து எட்டிச் சாவியை அணைத்தேன். "எறங்குங்கப்பா, எறங்குங்க!" என்று கத்தினேன். டாக்சி ஓட்டுநர் ஒரு சீனத் தாத்தா. திட்டத்தான் இறங்கி வந்தார், எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து இருதயராஜ் அண்ணனை இழுத்து வெளியே போட்டார். அவரேதான் ஆம்புலன்சையும் அழைத்தார்.

மழையில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். இருதயராஜ் அண்ணன் இருமிக்கொண்டே கண் விழித்தார். அப்பா வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வண்டியில கோளாறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பழைய குழாயைப் போட வேணாம்னு எழுதியிருந்தாங்க."

"யாரு?"

"அண்ணன்."

அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துவிட்டுப் புகைதான் என்றார்கள். மூவருக்கும் பிராணவாயு வைத்தார்கள். என்னை அன்றே அனுப்பிவிட்டார்கள், அவர்கள் இருவரும் திங்கட்கிழமை வந்தார்கள். இருதயராஜ் அண்ணன், "வெளிநாடு வந்து ஓசியில தூங்கினது இதான் பாப்பா மொதத் தடவை," என்கிறார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது இதைக் கேள். உன் கடிதத்தை நேற்று நான் வீட்டில் சத்தமாகப் படித்தேன். போன் அழைப்புகளைப் பற்றிய இடம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் ரஞ்சன், இது என் புது நம்பர், உடனே கூப்பிடுங்க" என்று வந்த செய்தியை அம்மா அழித்து, எண்ணையும் தடுத்து வைத்துவிட்டார். போன மாதம் சமூக மன்றத்தில் மோசடிகளைப் பற்றிப் பேசியவர்கள், அப்படித்தான் பிள்ளை பெயரைச் சொல்லி வரும் என்று எச்சரித்தார்களாம். அன்று அம்மா பக்கத்து வீட்டு நஸீஹா அக்காவிடம், "எம்புள்ள பேரைக்கூடக் கண்டுபிடிச்சிட்டானுங்க பாரு," என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்பா வெளிநாட்டு எண் என்றாலே துண்டிப்பார். என் போனிலும் +61 என்று வெளிநாட்டு எண் வந்திருக்கிறது. நானும் துண்டித்தேன், அண்ணா. நீ எண்ணைத் தந்திருந்தால் எடுத்திருப்பேன்.

நான் படித்து முடித்ததும் அப்பா கடிதத்தை வாங்கி, "புகை மேலதான் உக்காந்து" என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இதை ஏன் அவன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார். உன்னிடமே கேட்கிறேன் என்றேன். எழுது.

ரக்ஷனா


கல்கூர்லி,
20 ஜூன்

ரக்ஷிக்கு,

மொத வரியைப் படிச்சு நீ சொன்ன மாதிரியே உக்காந்தேன். எழுந்திரிக்க ரொம்ப நேரமாச்சு. இருதயராஜை எனக்குத் தெரியாது. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.

அப்பா கேட்டதுக்குப் பதில். அன்னைக்குக் கோவில் வாசல்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்துலயே நின்னாங்க. வண்டி நெறைய அவங்க கல்யாணச் சாப்பாடு. "வண்டிக்குள்ள புகை வருதுப்பா, அதான் மாத்தினேன்"னு நான் சொன்னா அந்தச் சாப்பாட்டை யார் தொடுவா? அதுக்கப்புறம் அப்பாகிட்ட யார் ஆர்டர் குடுப்பா? அதான் சும்மா நின்னேன். வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கோவம் வந்துடுச்சு. குழாயைக் கழட்டியாச்சு, இனி ஆபத்தில்லை, அவரா வந்து கேட்கட்டும்னு விட்டேன். விரிசலை வெல்டிங் பண்ணிக்கலாம்னு வீட்டுலயே வெச்சிருந்தேன் பாரு, அதுதான் பெரிய தப்பு.

பழைய குழாயை வெட்டிப் போடச் சொல்லு. ஹெடரைப் போட்டா தடுப்பை ஒழுங்கா வைக்கணும். மோட்டார் மேல எதுவும் வேணாம். நாடாவை ஹெடருக்குச் சுத்தணும். நடுவுல கெட்டித் தகடு, இன்ஜின்ல இருக்க போல்ட்டுல குட்டிக் குழாய்த்துண்டு குடுத்து நிறுத்தினா அசையாது. ரெண்டு பக்கமும் காத்து. தடிச்ச ஒயருக்குச் சூடு தாங்குற உறை. பேட்டரியை மொதல்ல கழட்டணும். இந்தத் தடவை முழுசாப் படிச்சுக் காட்டு.

என் நம்பரை லெட்டருக்குப் பின்னாடி எழுதியிருக்கேன். நானாக் கூப்பிட மாட்டேன், எடுக்கலைன்னா தாங்காது.

ரஞ்சன்


செங்காங்,
13 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். இன்று மதியம் நீயும் நலமாக இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் நீ போனில் கேட்டது கொஞ்சம்தான். இந்தப் பக்கம் நடந்ததை நான் எழுத வேண்டும்.

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். மாப்பிள்ளை வீட்டார் நின்ற இடம் வந்தபோது அப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் வரவில்லை. அம்மா போகப் போனார். "விடுங்கம்மா," என்றேன்.

இப்ராஹீம் அங்கிள் ஹஜ்ஜிலிருந்து திரும்பிவிட்டார். புதுக் குழாய் வரவழைக்கலாம் என்றார். அப்பா, "வேணாம் பாய். அவன் போட்டதே இருக்கட்டும்," என்று ஷெல்டரிலிருந்து ஹெடரை எடுத்துவந்தார். நாளிதழைப் பிரித்தார். நாடாவை நான்தான் வாளித் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். தகட்டை அங்கிள் வெட்டினார். அதை நிறுத்தியதும் அப்பா ஒரு பக்கம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், பிறகு மறுபக்கம். "போதுமா? படி, என்ன எழுதியிருக்கான்?" என்று என்னைக் கேட்டார். ஒரு விரல் என்று படித்தேன். மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

இன்று ஞாயிறு, ஆர்டர் இல்லை. அப்பா காலி வேனை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிகளை இறக்கியே வைத்திருந்தார். புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் போய், அங்கிருந்து பாசிர் ரிஸ் வந்தோம். கடற்கரைக் கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தினார். இன்ஜினைத் தொட முடியாத சூடு. போனை எடுத்து உன் எண்ணைப் பார்த்தார். "எடுத்தா நான் என்னம்மா சொல்றது?" என்று கேட்டார். நம் அப்பா அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு அழைத்தார். நீ "ஹலோ" என்றாய். அப்பா போனைக் காதில் வைக்காமல் இருக்கையைத் தூக்கி இன்ஜின் பக்கம் நீட்டினார். மறு கையால் சாவியைத் திருகினார். உடனே கிளம்பியது. அணைத்தார், மறுபடி திருகினார். அதுவும் கிளம்பியது. "கேட்டுச்சா? ஸ்டார்ட் ஆகுதுடா," என்று கத்தினார். நீ ஏதோ சொன்னாய். போனைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் துண்டிக்கும் பொத்தானில் விரல் பட்டுவிட்டது. கோபத்தில் துண்டித்தார் என்று நினைத்துவிடாதே. நான் பக்கத்திலேயே இருந்தேன், பார்த்தேன்.

"திரும்ப அடிங்கப்பா," என்றேன். தலையை ஆட்டினார், ஆனால் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கையை இறக்கி ஏறி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"அந்த ஹெடர் போடுற சத்தத்துல அவன் சொன்னது காதுல விழலம்மா. என்ன சொன்னான்னு எழுதிக் கேளு."

அதற்காகத்தான் இரவே இதை எழுதுகிறேன். நாளை காலை தபாலில் சேர்த்துவிடுவேன். இதைப் படித்ததும் நீ எழுதினாலும் சரி, கூப்பிட்டாலும் சரி. இனி இங்கே எடுப்பார்கள்.

என்ன சொன்னாய், அண்ணா?

உன் தங்கை,
ரக்ஷனா